பத்து மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே

8.3.2006, புதன்
எழுதுவதற்கு மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. சிமெண்ட் கடையில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி, வீணாகிறதே என்றுதான்.

பெரம்பலூர் கம்பெனியில் சேர்ந்து ஏழு மாதம். சிமெண்ட் ஆலைகளுக்கு எடை காட்டும் பெட்டி செய்கிறோம். அதன் வயரில் ரேடியோ இரைச்சலை ஏற்றி, தாங்குகிறதா என்று பார்க்க ஒரு தகர அறை கட்டியிருக்கிறார்கள். கதவை மூடினால் செல்போன்கூட எடுக்காது. ஏற்றும் பவரை அளக்க ஒரு சென்சார் வாங்க வேண்டும். தேர்வு செய்யச் சொன்னது என்னை.

14.3
எங்கள் சோதனை 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 80 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. 9 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் சென்சாரை எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் மேலாளர் வைத்திலிங்கம் சார் செல்போன் டவர் வேலையிலிருந்து வந்தவர். இன்னொன்றைக் காட்டினார். 10 மெகாவில் தொடங்கி 18 கிகா வரை.

"இது பதினெட்டு வரைக்கும் போவுது. நீ ஒண்ணுல நிக்கிறதை எடுத்துட்டு வர்றியேம்மா."

தொடங்கும் எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். அவருக்குப் போன் வந்துவிட்டது. அவர் சொன்னதையே டைப் செய்து, 'தேர்வு செய்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன்? "உன்னப் பத்தி ஒரு பேச்சு வந்துச்சுன்னா வூட்டுலயே இருந்துடணும்" என்று அப்பா சொல்லித்தானே வேலைக்கு அனுப்பினார்.

2.5
சென்சார் வந்துவிட்டது.

16.5
சோதனையின் தொடக்கத்தில், 150 கிலோஹெர்ட்ஸ் பக்கம், சென்சார் மிகக் குறைவாகக் காட்டுகிறது. பவரை ஏத்து என்றார் சார். ஏற்றினேன். இன்னும் என்றார். மூன்று பெட்டி கருகிவிட்டது. தகர அறைக்குள் அந்த வாடையோடு நான்.

17.5
பெட்டிக்குள் வயர் பற்றவைத்த சால்டரிங் மோசம் என்று சார் முடிவு செய்துவிட்டார். சால்டரிங் செய்வது வேம்பக்கா. ஆண்டிமடத்திலிருந்து வந்து அரியலூரில் பஸ் மாறும்போது, அங்கே ஏறும் எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைப்பவர்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்: "நாளைலேர்ந்து வராதன்னுட்டாங்க. நீ படிச்ச புள்ள, பாத்துச் சொல்லு. எங் கையிலயா தப்பு?"

தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், மூடினேன். மறுபடியும் திறந்தேன்.

19.5
ஜன்னல் சீட்டில் வேறு யாரோ.

22.5, திங்கள்
சார் சாப்பிடப் போனதும், அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்து அளந்தேன். சென்சார் காட்டுவதைப் போல் ஆறு மடங்கு பவர் பெட்டிக்குள் போகிறது.

23.5
காலையில் சார் மேஜையில் வைத்ததன் நகல்:

சார், இந்த சென்சார் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாக அளக்காது. தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அளந்த தாள் இதோடு இருக்கிறது. வேறு சென்சார் வரும் வரை சோதனையை நிறுத்தலாம். என்னை நிறுத்தினாலும் சரி.

வேம்பக்காவைத் திரும்பக் கூப்பிடுங்க சார்.