இரண்டு டம்ளர் கிழங்கு

அம்மா,

“உப்புத் தண்ணியில போட்ட உருளைக்கிழங்கு ஏன் துவளுது, சொல்லும்மா?” என்று உயிரியல் டீச்சர் ஒருநாள் வகுப்பில் கேட்டார். பதில் தெரிந்தும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பள்ளியை நான் விட்டேன், அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஜன்னலோரம் இரண்டு டம்ளரில் கிழங்குத் துண்டுகள் இருக்கின்றன. தயவுசெய்து சமைத்துவிடாதே. நேற்று நீ வதக்கியது உப்பில் ஊறிய துண்டுகள். “உப்புல கை தவறிடுச்சா?” என்று சாப்பிடும்போது அப்பா உன்னைக் கேட்டதால்தான் உண்மையைச் சொன்னேன். தனித்தேர்வு எழுதப்போவதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். “பாதியில நின்னவளுக்கு எதுக்குப் பரீட்சை?” என்றார்.

விண்ணப்பம் கொடுக்கப் போகிறேன். சாவி பக்கத்து வீட்டு அத்தையிடம் இருக்கிறது. உன் சாப்பாடு அடுப்பு மேடையில்.

சொல்ல மறந்தேன். இன்று காலை நீ வேலைக்குப் போன பிறகு அப்பா ஜன்னலருகே வந்தார். வெறும் தண்ணீரில் கிடந்த துண்டை வளைத்தார், பட்டென்று ஒடிந்தது. உப்புத் தண்ணீரில் கிடந்தது ரப்பர் மாதிரி வளைந்தது. “உள்ள இருந்த தண்ணிய உப்பு வெளிய இழுத்துடுதுப்பா” என்றேன். ‘போகாதே’ என்பார் என்று விண்ணப்பத்தோடு நின்றேன். அவர் புதிதாக ஒரு துண்டு வெட்டி உப்புத் தண்ணீரில் போட்டார். பிறகு வேலைக்குக் கிளம்பிப் போனார்.