இரண்டாவது பாட்டில்

மார்ச் 1, ஞாயிறு

நீர்க்கடுப்பு மறுபடியும் வந்துவிட்டது. குளியலறைச் சுவரில் நெற்றியைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சொட்டுச் சொட்டாக, நெருப்பு. முடிந்த பிறகும் முடியாத மாதிரி. வருடக் கடைசியில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை, இப்போது.

காலையில் அக்காவோடு எழுபது கிலோமீட்டர். அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை. டான்டம் சைக்கிளின் பின்சீட். இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல். முன்னால் இருப்பவள் பார்க்கிறாள், திருப்புகிறாள், பிரேக் பிடிக்கிறாள். பின்னால் இருப்பவளுக்குக் கண் தெரிய வேண்டியதில்லை. அக்காவுக்குச் சுத்தமாகத் தெரியாது. கால் பலம் மட்டும் என்னைப் போல் ஒன்றரை மடங்கு. வங்கியின் தொலைபேசி உதவி மையத்தில் வேலை. வாரம் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பெடலில் இறக்குகிறாள். என்னை ‘டிரைவர்’ என்பாள்.

மே மாதம் நூற்றிருபது கிலோமீட்டர் சவாரி. அதற்கு அக்கா மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள். முன்சீட்டுக்கு ஆள் கிடைக்காமல்.

வழியில் இரண்டு பெட்ரோல் பங்க். இரண்டிலும் கழிப்பறை இருந்தது. நிறுத்தவில்லை. என் இரண்டாவது தண்ணீர் பாட்டில் திறக்காமலே வீட்டுக்கு வந்தது. எப்போதும் போல.

மார்ச் 2, திங்கள்

போன தடவை வலி நின்றதும் நிறுத்திய மாத்திரைகள் அலமாரியில் இருந்தன. போட்டுக்கொண்டேன். டாக்டரிடம் போனால் சைக்கிளை விடச் சொல்வார். போகாவிட்டால் சொல்ல மாட்டார். என்ன ஒரு தர்க்கம். இதற்கா தத்துவத்தில் எம்.ஏ.?

மார்ச் 4, புதன்

எரிச்சல் போய்விட்டது. மிச்ச மாத்திரைகள் மறுபடி அலமாரிக்குள்.

மார்ச் 6, வெள்ளி

பாடப்புத்தகத்துக்குப் பிழை திருத்தும் வேலை. ஆபீஸில் கழிப்பறைச் சாவி மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். எடுக்கப் போனால் அறையே தலை நிமிரும். அதனால் மதிய இடைவேளைவரை அடக்குவேன். இது பழக்கமா, பயிற்சியா? சைக்கிளுக்கு நான் தயாரானது இந்த நாற்காலியில்தானோ.

அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “ஏண்டி, போயிட்டு வந்து உக்காரல, மறுபடி போறே?”

“தண்ணி நிறையக் குடிச்சேம்மா.”

“நீயா? சூடுடி அது. மணிக்கணக்கா அந்தக் குச்சி சீட்ல உக்காந்தா சூடு ஏறாம என்ன செய்யும்? வித்துத் தொலை.”

அது என் சைக்கிள் இல்லை, கிளப்பினுடையது என்று அம்மாவுக்குத் தெரியும். இருந்தும் வாரம் ஒரு தடவை விற்கிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

சவாரி. பாதி தூரத்தில் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. தனிச் சைக்கிள் என்றால் பெடலில் எழுந்து நின்று ஓட்டலாம். டான்டத்தில் ஒருத்தி மட்டும் எழுந்தால் வண்டி ஆடும். இருவரும் ஒரே நொடியில் எழ வேண்டும், அதற்குச் சொல்ல வேண்டும். ஒரு தடவை முயன்று பள்ளத்துக்குப் பக்கத்தில் போய்விட்டோம். அதிலிருந்து உட்கார்ந்தே.

பின்னாலிருந்து குரல்: “என்ன டிரைவர், சீட்ல முள்ளா? நெளியறே.”

“ரோடு சரியில்லக்கா.”

ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது. அவளுக்கு அது தெரியாதா? இரண்டு டயரும் சொல்லியிருக்குமே.

மார்ச் 11, புதன்

முடியவில்லை. ரத்தம். இளஞ்சிவப்பாக, கொஞ்சம்தான் — ஆனால் ரத்தம். அரை நாள் லீவு போட்டு டாக்டரிடம் போனேன். முடியைத் தூக்கிக் கட்டிய, அவசரப்படாத பெண்.

“எத்தனாவது தடவை?”

“மூணு. இல்ல, நாலு. போன தடவையோட விட்டகுறையான்னு தெரியல.”

“நடுவுல நீங்களா ஏதாவது மாத்திரை போட்டீங்களா?”

சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். “பாதி மாத்திரை போட்டா பாதி கிருமிதான் சாகும். மிச்சம் இருக்கறது பாடம் படிச்சிட்டுத் திரும்பி வரும். முதல்ல யூரின் கல்ச்சர். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு பார்த்துட்டு முழு கோர்ஸ். முழுசு. புரியுதா?”

“சைக்கிளை விட்டுடணுமா டாக்டர்?”

“சைக்கிள்மேல கேஸ் போடறதுக்கு முன்னாடி மத்தவங்களை விசாரிப்போம். ஓட்டும்போது தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?”

திறக்காத பாட்டிலைச் சொன்னேன்.

“வழியில யூரினுக்கு எங்க போவீங்க?”

“வீட்டுக்கு வந்துதான்.”

“ஓட்டி முடிச்சதும் அந்தப் பஞ்சு வச்ச ஷார்ட்ஸை எப்பக் கழட்டுவீங்க?”

கிளப் கோச்சின் பேச்சு, பிறகு பஸ், பிறகு வீடு. ஈரத்தோடு. அதுவும் உள்ளாடைக்கு மேல். அது பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாதது பெரிய மனது. அந்தப் பஞ்சே உள்ளாடைதானாம். இரண்டு போட்டால் உரசலும் ஈரமும் இரட்டிப்பு. வாசனை சோப்பு அந்த இடத்துக்கு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். தண்ணீர் குடி, அடக்காதே, அவ்வப்போது சீட்டை விட்டு எழு, முடிந்ததும் உடை மாற்று.

கதவருகே கூப்பிட்டுச் சொன்னார்: “முதுகுப் பக்கம் வலி, குளிர் காய்ச்சல், வாந்தி — எது வந்தாலும் காத்திருக்காம வாங்க. மேல கிட்னிக்குப் போயிடுச்சுன்னா விளையாட்டு இல்ல.”

வீடு வரும்வரை முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 14, சனி

ரிசல்ட். பழைய மாத்திரை இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாதாம். வேறு மருந்து. ஒழுங்காகப் போடுகிறேன். அக்காவிடம் நாளை வரவில்லை, ஆபீஸ் வேலை என்றேன். “சரி” என்றாள். அவ்வளவுதான். அந்தச் ‘சரி’ காதிலேயே கிடக்கிறது.

மார்ச் 18, புதன்

மருந்து முடிந்தது. எரிச்சல் இல்லை. இருந்தும் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.

டாக்டர் சொன்னதில் எல்லாம் செய்ய முடியும். நிறுத்துவதுதான் முடியாது. ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதலாம்.

முதல் மாதம் ஒரு பங்கில் நிறுத்தினேன். அக்காவைச் சைக்கிளோடு வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வரும்போது ஒரு ஆள் அவள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டிருந்தான் — தெரிகிறதா என்று பார்க்க. இன்னொருவன் மணியை அடித்துச் சிரித்தான். அக்கா அசையாமல் நின்றாள், ஹாண்டிலை இரண்டு கையாலும் பிடித்தபடி. நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. இனி இவளைத் தனியாக விடமாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவள் ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை. இரும்பு உடம்பு. நான்தான் சொத்தை.

மார்ச் 22, ஞாயிறு

தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடித்தேன். இரண்டு பாட்டிலும். நிறுத்தவில்லை. கடைசி இருபது கிலோமீட்டர் பல் கிட்டித்துவிட்டது. சொன்னதில் பாதியை மட்டும் செய்வது மாத்திரையோடு முடியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

குளிர். இரண்டு போர்வை. முதுகில் வலது பக்கம் யாரோ முட்டியால் அழுத்துகிற மாதிரி. அம்மா ஆட்டோ கூப்பிடுகிறாள். பயமா இருக்கு. நான் தான் பண்ணிக்கிட்டேன், நானே தான்

மார்ச் 25, புதன்

ஆஸ்பத்திரி. கையில் டிரிப்ஸ். காய்ச்சல் இறங்கிக்கொண்டிருக்கிறது. நேரத்துக்கு வந்துவிட்டேனாம்.

கோச் போன் செய்தார். வேறு முன்சீட் ஆள் தேடிப் பார்த்தாராம். யாரும் இல்லையாம். “நீ உடம்பைப் பாரும்மா” என்றார், பெருமூச்சோடு. அம்மா இந்தத் தடவை சைக்கிளை விற்கச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மதியம் அக்கா வந்தாள். தனியாக, பஸ்ஸில், கைத்தடியோடு. கட்டில் கம்பியைத் தட்டிப் பார்த்து, என் காலைக் கண்டுபிடித்து, அங்கேயே உட்கார்ந்தாள். அம்மாவிடம் கேட்டு எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள்.

“ஆபீஸ் வேலையா?”

“இல்லக்கா.”

“ரோடு சரியில்லையா?”

அழுதுவிட்டேன்.

“இங்க பாரு டிரைவர். நம்ம பெடல் ரெண்டும் ஒரே சங்கிலி. உன் கால் இறுகினா என் காலுக்குத் தெரியும். கடைசில எப்பவும் வெறி புடிச்ச மாதிரி மிதிக்கறே. என்மேல கோவம்னு நெனச்சேன். இந்தப் பாரத்தை இழுத்துட்டுப் போகணுமேன்னு.”

ஐயோ. இவ்வளவு நாளும் அப்படியா நினைத்தாள்? பங்க் கதையைச் சொன்னேன். கையை ஆட்டியவன், மணி அடித்தவன்.

“ஓ, அவனுங்களா. ஆட்டினவன் கையில வெங்காய வாசனை. தெரியாதுன்னா நெனச்சே? அதுக்காகவா அடக்கினே?” பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் ஏன் நிறுத்தச் சொன்னதில்லைன்னு கேளேன்.”

“ஏன்?”

“சனிக்கிழமை சாயங்காலத்துல இருந்து தண்ணியே தொடமாட்டேன். புது டாய்லெட்ல குழாய் எங்க, தாழ்ப்பாள் எங்கன்னு ஈரத்துல தடவணும். உன்னைக் கூட வான்னு கூப்பிடக் கூச்சம். போன வருஷம் எனக்கும் ரெண்டு தடவை வந்துச்சு. ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு, ‘தங்கள் பொறுமைக்கு நன்றி’ன்னு சொல்லிக்கிட்டே நெளிஞ்சேன்.”

சிரித்தேன். முதுகு வலித்தது. அவளும் சிரித்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

என் பாட்டில்தான் நிறைந்து திரும்புகிறது என்று நினைத்திருந்தேன். பின்னால் இன்னொன்று அதே மாதிரி. ஒருத்தியை ஒருத்தி காப்பாற்றுகிறோம் என்று ஒரே சைக்கிளில் இரண்டு பேர் காய்ந்துகொண்டிருந்திருக்கிறோம்.

ஏப்ரல் 2, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. மாத்திரை ஒன்றுகூட மிச்சமில்லை. காலி அட்டையை அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

இன்று மறுபடி ஆபீஸ். மேனேஜர் முதுகுக்குப் பின்னால் போய்ச் சாவியை எடுத்தேன். அறை தலை நிமிர்ந்தது. நிமிரட்டும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

டாக்டர் ஓட்ட விட்டார். முதல் சவாரி, முப்பது மட்டும். கோச் என் சீட்டின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, அகலமானதாக மாற்றிக் கொடுத்தார். பஞ்சு ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை இல்லை, ஜட்டி போடப் பழகாத குழந்தை மாதிரி இருந்தது.

எழுந்து நிற்க ஒரு வார்த்தை வேண்டும் என்றேன். அக்கா “வணக்கம்” என்றாள். யாரோ பெரிய மனிதர் வந்த மாதிரி இருவரும் எழுந்தோம். வண்டி ஆடியது. விழவில்லை. நாலாவது தடவை ஆடவே இல்லை.

நிறுத்துவதற்கு என்ன வார்த்தை? அதற்கு மறைவெல்லாம் வேண்டாமாம். மார்க்கெட் வளைவில், முழுத் தொண்டையில், பின்னாலிருந்து: “டிரைவர்! மூத்திரம்!”

பழக்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

சைக்கிளைக் கம்பத்தோடு பூட்டினோம். இருவரும் மார்க்கெட் கழிப்பறைக்குப் போனோம். முதலில் நான் போய்ப் பார்த்து, “வலது கைப் பக்கம் குழாய், தாழ்ப்பாள் மேல” என்று சொல்லிவிட்டு வெளியே நின்றேன். அவ்வளவுதான் வேலை. இதற்கா ஆஸ்பத்திரிவரை?

ஏப்ரல் 20, திங்கள்

காலையில் ஒரு சின்னச் சுருக். பயந்து மூன்று தம்ளர் தண்ணீர். மதியம் ஒன்றுமில்லை. என் உடம்பை நான் ஒட்டுக்கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எப்போது நிறுத்துவேன்?

மே 3, ஞாயிறு

தொண்ணூறு. கோச்சுக்கு எரிச்சல். “இப்படி அங்கங்க இறங்கினா நேரம் தாண்டிடும். கெடு முடிஞ்சா கணக்குல வராது.”

அக்கா: “அப்ப வேகமா ஓட்டறோம் சார். இறங்காம இருக்கமாட்டோம்.”

கோச் என்னைப் பார்த்தார். மூன்று வருடம் காத்திருந்தவள், என்னால் கெடுவைத் தவறவிட்டால்? ஆனால் வாயிலிருந்து வந்தது, “ஆமா சார்.”

மே 16, சனி

நாளை. பயம். கெடுவா, கிருமியா, எதற்கு என்று பிரிக்கத் தெரியவில்லை. அக்கா போன் செய்தாள்: “தண்ணி குடிச்சியா?” “நீங்க?” “குடம் குடமா.”

மே 18, திங்கள்

நேற்று எழுதக் கை தூக்க முடியவில்லை.

காலையில் குளியலறைக்குப் போனேன். சுவரில் கையை வைத்துக்கொண்டேன், பழக்கத்தில். காத்திருந்தேன். வெறும் தண்ணீர்ச் சத்தம். வேறு ஒன்றுமில்லை.

வெளியே வரும்போதே போன். “என்ன டிரைவர், எப்படி?”

“ஒண்ணுமில்லக்கா.”

“எனக்கும் ஒண்ணுமில்ல.”

சிரிப்பை அடக்க முடியவில்லை, இருவருக்கும். அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். “என்னடி இவ்வளவு சந்தோஷம்? ஜெயிச்சிட்டீங்களா?”

“கெடுவுக்குள்ள வந்துட்டோம்மா. கடைசிக்கு முந்தின இடம்.”

“அதுக்கா இந்தச் சிரிப்பு?”

என் பையிலிருந்து இரண்டு பாட்டிலையும் எடுத்துத் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவும் முன் கொட்டிவிட ஒன்றும் இல்லாததை அவள் கவனித்தாளா, தெரியாது. துடைத்து, ஜன்னல் ஓரம் கவிழ்த்து வைத்தாள், இரண்டையும்.