நான்கு விரல் தெற்கே

பக்கத்து வீட்டில் இன்று காலை புதுக் கதவுக்கு வார்னிஷ் அடித்தார்கள். காபித் தம்ளரோடு வாசலுக்கு வந்த நான், அந்த வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே உள்ளே திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டேன். உடம்புக்கு என்ன என்று மருமகள் இரண்டு முறை கேட்டுவிட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மார்கழிக் காலை அந்த வாடையோடு திரும்பி வந்துவிட்டது. அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது, இருந்தாலும் உனக்குத்தான் எழுதுகிறேன்.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள் என்பது உனக்குத் தெரியாததா! கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனவன், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே, பரீட்சைக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும், நீ என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பாய். பிறகு நான் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டேன். நெல்வயலைப் பார்த்துக்கொள்ளாமல் ஈயம் உருக்கிக்கொண்டிருக்கிறானே என்று என் அப்பாவுக்குக் கடைசிவரை குறைதான். நீ காட்டுப்பள்ளிக் கரையில் உன் அப்பா விட்டுப்போன பாய்மரப் படகை ஓட்டினாய். தெரிந்தே கடலுக்குப் போகிற ஒருவன் எனக்கு எப்படிச் சிநேகிதனானான் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அதற்கு முந்தின மார்கழியில் பனிமூட்டத்தில் வழி தவறி, ஒரு பகல் முழுக்க அலைந்து, வடக்கே ஆந்திராப் பக்கம் எங்கோ கரையேறி வந்தாய். நீ வீடு சேரும்வரை உன் மனைவி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுத்த வாரமே என் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாய்.

"இன்னா நைனா, கப்பல்ல எல்லாம் வழி காட்றதுக்கு மிஷினு வெச்சிக்கினு கீறாங்களாமே. என் படகுக்கு ஒண்ணு பூட்டிக் குடு."

"பாய் கட்டுன படகுக்கு மிஷினா? கரண்டு யாரு குடுப்பா?"

"அதுக்குத்தான நீ கீற."

இரண்டு பேரும் ரயிலேறிச் சென்னைத் துறைமுகத்துக்குப் பின்னால், உடைத்த கப்பல்களின் சாமான்களை விற்கும் கடைகளுக்குப் போனோம். அங்கே ஆழம் காட்டும் கருவி ஒன்றைப் பார்த்ததும் நான் மயங்கிவிட்டேன். கடலடியிலிருந்து எதிரொலியை வாங்கி, ஊசிமுனையால் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டுமாம். லாரி பேட்டரி இரண்டு வேண்டும், உப்புக்காற்று பட்டால் என்ன ஆகும், படகின் அடியில் ஓட்டை போட்டால் தண்ணீர் ஏறாதா என்று கணக்குப் போட்டுக்கொண்டே அதைத் தடவிக்கொண்டிருந்தேன். நீ என் கையை எடுத்துவிட்டாய்.

"ஆழத்துக்கு எனக்குக் கயிறும் ஈயக்குண்டும் போதும்யா. குண்டுல ஒட்டிக்கினு வர்ற சேத்தப் பாத்தே எந்த எடம்னு சொல்லிடுவேன். ஊடு எந்தப் பக்கம்னு சொல்லத்தான் ஒருத்தன் வேணும்."

அதனால் காம்பஸ் போதும் என்று முடிவாயிற்று. பித்தளைக் கிண்ணத்துக்குள் சாராயம் போன்ற ஒரு திரவத்தில் மிதக்கிற, பழைய கப்பல் காம்பஸ். அதோடு ஒரு திசை காட்டும் ரேடியோவை நானே செய்து தருகிறேன் என்றேன். டிரான்சிஸ்டருக்குள் இருக்கிற கரிய ஃபெர்ரைட் தண்டின் முனை ஒலிபரப்புக் கோபுரத்தை நேராகப் பார்க்கும்போது சத்தம் தேய்ந்துபோகும். தண்டைத் திருப்பிக்கொண்டே வந்து எங்கே குரல் ஒடுங்குகிறதோ அந்தக் கோட்டில் சென்னை இருக்கிறது என்று அர்த்தம். இதைச் சொன்னபோது நீ நம்பவில்லை. கடை வாசலில் வைத்துத் திருப்பிக் காட்டினேன். செய்தி வாசிக்கிறவரின் குரல் சட்டென்று மெலிந்ததும், "இன்னாயா, அந்தாளு தொண்டைய புடிச்சிட்ட!" என்று குதித்தாய்.

பதினொரு நாள் உழைத்தேன். தேக்குப் பலகையில் ஒரு பெட்டி செய்தேன். மூடியின் மேல் சுழலும் வட்டப் பலகையில் தண்டு, பக்கத்தில் காம்பஸ், பெட்டிக்குள் பேட்டரியும் ஸ்பீக்கரும். இரும்பு இருந்தால் காம்பஸ் முள்ளை இழுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஓர் இரும்பு ஆணிகூடக் கூடாது என்று பித்தளைத் திருகாணி தேடித் தெருத் தெருவாக அலைந்தேன். மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தேன். பார்க்க அம்சமாக இருக்க வேண்டும் என்று ஸ்பீக்கரைக் காம்பஸுக்கு நேர் கீழே பொருத்தினேன்.

படகில் பூட்டிய அன்று உன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கடலுக்குப் போறவனுக்கு ரேடியோ எதுக்கு? பாட்டுக் கேட்டுக்கினு தூங்கவா?" என்றார். நீ என் தோளில் கையைப் போட்டு, "இவன் கை வெச்சா தப்பே வராது, பாத்துக்கினே இரு" என்றாய். கரையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அந்த வார்த்தையில் எனக்கு ஏறிய கர்வம்தான் பிறகு என் வாயைக் கட்டிப்போட்டது.

ஒரு மாதம் கழித்துக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஓர் இரும்புத் திருகாணி கீழே விழுந்து உருண்டு ஓடியது. தினமும் பத்துத் தடவை செய்வதைத்தான் அப்போதும் செய்தேன். ஒரு பழைய ஸ்பீக்கரை எடுத்து, அதன் காந்தத்தைத் தரைமீது ஓட்டினேன். டிக்கென்று திருகாணி வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆணியில் இரும்பு இருக்கக் கூடாது என்று ஊரெல்லாம் அலைந்தவன், காம்பஸின் காலடியில் முழுசாக ஒரு காந்தத்தை வைத்துக் கொடுத்திருக்கிறேன்!

உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். பத்துப் பேர் முன்னால் நீ என்னைப் புகழ்ந்தது காதில் கேட்டது, உன் அண்ணனின் கட்டிய கை கண்ணில் தெரிந்தது. நீ ஒரு கல்யாணத்துக்காகச் செவ்வாப்பேட்டை போயிருந்த நாளாகப் பார்த்து உன் வீட்டுக்கு வந்தேன். பெட்டியைத் தினமும் கழற்றி வீட்டில் வைப்பது உன் வழக்கமாயிற்றே.

"இன்னாண்ணே, திடீர்னு?" என்றாள் உன் மனைவி.

"சத்தம் சரியா கேக்கலையாம், தங்கச்சி. ஸ்பீக்கர தனியா தள்ளி வெச்சிட்டா படகு முழுக்கக் கேக்கும்" என்றேன். முகத்தை நிமிர்த்தாமல் சொன்னேன்.

ஸ்பீக்கரைக் கழற்றி, நீளமான ஒயர் கட்டித் தனிப் பெட்டியில் போட்டேன். காம்பஸ் முள் மெதுவாகத் திரும்பி வேறோர் இடத்தில் போய் நின்றதைக் கண்ணால் பார்த்தேன். உயிர் வந்தது. கிண்ணத்தின் விளிம்பில் தூண்டில் முள்ளால் கீறியதுபோல ஒரு கோடு இருந்தது. என்ன முரட்டுக் கை இவனுக்கு என்று உன்மேல் எரிச்சல்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மார்கழி பிறந்து, எதிரே வருகிற சைக்கிள் தெரியாத அளவுக்குப் பனி இறங்கிய ஒரு காலையில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எனக்குப் பயமில்லை. பெட்டி இப்போது சரியாக இருக்கிறது. நீ பனியைப் பிளந்துகொண்டு கரையேறும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மீஞ்சூர் வழியாகச் சைக்கிள் மிதித்து, கால்வாயைத் தோணியில் தாண்டி வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதிருக்கும். பனி விலகத் தொடங்கியிருந்தது. மற்ற படகெல்லாம் வந்துவிட்டது, நீ மட்டும் வரவில்லை.

சத்தம் கேட்டாவது நீ கரையைக் கண்டுபிடிக்கட்டும் என்று இன்னும் யாரோ தகர டின்னைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். உன் அண்ணன் நான்கு கட்டுமரங்களை வடக்கே அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தார். போன வருஷம் வடக்கே போனவன், இந்த வருஷமும் அங்கேதான் போயிருப்பான் என்பது அவர் கணக்கு. உன் மனைவி மட்டும் அழவில்லை.

"நீ பூட்ன பொட்டி கீது, வந்துடுவாரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு அண்ணே. அந்தக் காம்பஸு மொத நாள்லேர்ந்தே நாலு விரலு வடக்க தள்ளிக் காட்டுதாம். சொன்னா நீ வருத்தப்படுவியாம். அவரே ஒரு கோடு கிழிச்சி வெச்சிக்கினு, நாலு விரலு தெக்கால புடிச்சி ஓட்டிக்கினு வந்துடுவாரு. கோணலா இருந்தாலும் அதான் அவருக்குக் கணக்கு" என்றாள்.

கோணலை நீ கண்டுபிடித்து, எனக்காக அதை மறைத்து, அதற்கு ஏற்றபடி உன் கையைத் திருத்திக்கொண்டிருக்கிறாய். நான் அந்தக் கோணலை எடுத்துவிட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. வெயில் நாளில் கரைப் பனைமரங்களைப் பார்த்து வருகிறவன் நீ, பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். பனியில்தான் அதை நம்புவாய். நேராகிவிட்ட காம்பஸை வைத்துக்கொண்டு, நீ நான்கு விரல் தெற்கே, எண்ணூர் முகத்துவாரத்து மணல்திட்டில் அலை உடைகிற இடத்துக்கே போய்க்கொண்டிருப்பாய்.

கட்டுமரம் தண்ணீரில் இறங்கிவிட்டது. நான் வாயைத் திறந்தால் நீ புகழ்ந்த கரையிலேயே என் மானம் போகும். இதை எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மூன்று மூச்சு நேரம் பேசாமல் நின்றேன். மூன்று மூச்சு! பிறகு முழங்கால் தண்ணீரில் ஓடி உன் அண்ணனின் கையைப் பிடித்தேன்.

"வடக்க வேணாம்ணே. தெக்க போகச் சொல்லுங்க. தப்பு என்னுது. நான்தான் அவனுக்குத் தெரியாம பெட்டிய மாத்தி வெச்சிட்டேன்."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. "எவ்ளோ தெக்க?" என்று மட்டும் கேட்டார். கையை நீட்டி நான்கு விரலைக் காட்டினேன். அவர் என் விரல்களைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், ஓங்கிக் குரல் கொடுத்துக் கட்டுமரங்களைத் திருப்பினார்.

மூன்று மணி நேரம். உன் மனைவி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் வேண்டாத தெய்வமில்லை. நீ செத்துப்போயிருந்தால் நானும் அந்த மணலைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்பது சத்தியம்.

வந்தாய். கயிறு உரித்த உள்ளங்கையோடு, பல் கிடுகிடுக்க. முகத்துவாரத்து அலைக்குள் மாட்டிக்கொண்டு, பாயும் ஏற்ற முடியாமல், நங்கூரக் கயிறு நைந்துகொண்டிருந்த நேரத்தில் கட்டுமரக்காரர்கள் வந்து இழுத்தார்களாம்.

"காம்பஸு ஒரு பக்கம் சொல்லிச்சி, ரேடியோ வேற பக்கம் சொல்லிச்சி. ரெண்டுல எவன் பொய் சொல்றான்னே தெரியல. இருக்கற எடத்துலயே நங்கூரத்தப் போட்டுக்கினு குந்திட்டேன்" என்றாய். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு முதலில் சிரித்தாய், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ என்னாண்ட சொல்லல, நான் உன்னாண்ட சொல்லல. ரெண்டு பேரும் நல்லவனா இருக்கப் பாத்து என்னைக் கொன்னுட்டிருப்போம்யா. இனிமே எதுவானாலும் சொல்லிடணும். எவ்ளோ கெட்டதானாலும் சரி. சரியா?"

மூன்று தடவை தலையாட்ட வைத்த பிறகுதான் என்னை விட்டாய். அன்றிலிருந்து கடையில் ரிப்பேருக்கு வந்த ஒவ்வொரு ரேடியோவிலும், எதைக் கழற்றினேன், எதை மாற்றினேன், எதில் சந்தேகம் என்று ஓர் அட்டையில் எழுதிக் கட்டித்தான் கொடுத்தேன். ரேடியோவுக்கு ஜாதகம் எழுதுகிறான் என்று கடைத்தெருவே கேலி செய்தது. கேலியைக் கேட்டு நீயும் சிரித்தாய். உன் படகு போய், உன் கரையில் துறைமுகம் வந்து, நாம் இருவரும் தலை நரைத்த பிறகும் நமக்குள் ஒளிவுமறைவு இல்லாமல்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் உன் மகள் அழுதுகொண்டிருந்ததால் டாக்டர் என்னைத்தான் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தபோது கட்டிலில் சாய்ந்தபடி நீ கேட்டாய்: "இன்னா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. ரத்தம் கொஞ்சம் கம்மியாம். பொங்கலுக்கு ஊட்டுக்குப் போயிடலாம்" என்றேன்.

என்னையே பார்த்தாய். "சரி" என்றாய். அதன்பிறகு பதின்மூன்று நாள் தினமும் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழையைப் பற்றிப் பேசினோம், என் மூட்டுவலியைப் பற்றிப் பேசினோம், ஆஸ்பத்திரி நாஷ்டாவைத் திட்டினோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது உன் மகள் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அப்பாவுக்கு முன்னாடியே தெரியும், மாமா. டாக்டரு அவராண்டயே சொல்லிட்டாரு. 'அவனாண்ட சொல்லாத, பயந்துக்குவான்'னு சொல்லிட்டாரு அப்பா" என்றாள்.

ஒரு மாதம் தாண்டாது. டாக்டர் என்னிடம் சொன்னது இதுதான். நீ கேட்ட அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். சொல்லியிருந்தால், உனக்குப் பயமாக இருக்கிறதா என்று உன்னிடம் கேட்டிருப்பேன். எத்தனையோ வருஷம் என் பயத்தையே பேசித் தீர்த்த நாம், உன் பயத்தைப் பற்றி ஒரு நாள்கூடப் பேசியதில்லை. பதின்மூன்று நாள் இருந்தது, நான் கேட்கவில்லை.