மூட்டைக்கு ஒரு மஞ்சள் பொட்டு

சார்,

இன்று காலை, அக்கா மகளுக்கு எடுத்த உறையூர்ப் புடவையைத் தென்னூர் வீட்டில் பிரித்தேன். புதுக் கஞ்சியின் மணம் முகத்தில் அடித்தது. மஞ்சள் வைக்கலாமென்று கிழங்கை நனைத்து எடுத்துவந்து புடவையின் ஓரத்தைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் பத்து வருஷமாக வைத்திருந்த ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பெரிய கடைவீதிக்குப் பின்னால் மாடியில் இருந்தது நம் ஜவுளிக் கம்பெனி. உறையூரில் நெய்த புடவைகள் மூட்டையாகி, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போகும். புடவைகளை எண்ணி அடுக்குவதும் காகிதங்களை டைப் அடிப்பதும் என் வேலை. மூட்டையைத் தைக்குமுன் கிடங்கில் தனியாக நின்று ஒருமுறை சரிபார்த்து, "புதியது, உபயோகிக்கப்படாதது" என்ற உறுதிமொழியின் கீழே கையெழுத்துப் போடுவது உங்கள் வேலை. உங்களை விட்டால் அதற்கு ஆளில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, முதலாளி வருமுன்பே கிடங்கைத் திறந்துவிடுவீர்கள். ஒருநாள் பட்டியலில் "சுமார் இருநூறு" என்று நான் அடித்துவிட்டேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சுமார்னு ஒரு நம்பர் இருக்காம்மா?" என்று கேட்டீர்கள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்பதுபோல் கேட்டீர்கள். எனக்குத்தான் எரிச்சலாக வந்தது.

"காகிதத்துல இருக்கறது மூட்டைக்குள்ள இருக்கணும். மூட்டைக்குள்ள இருக்கறது காகிதத்துல இருக்கணும். அவ்வளவுதான் நம்ம உத்தியோகம்" என்பீர்கள். முதலாளி உங்களைச் சட்டப் புத்தகம் என்று கேலி செய்வார். நீங்கள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வீர்கள்.

அந்த ஐப்பசியில் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. மூட்டைகளைப் பிரித்துப் பார்த்த அதிகாரிகள், ஒவ்வொன்றிலும் மேல் புடவையின் ஓரத்தில் மஞ்சள் கறை இருப்பதாக எழுதியிருந்தார்கள். கறை இருப்பதால் அது கட்டிய துணி. கட்டிய துணிக்குக் கிருமிநீக்கம் செய்த சான்று வேண்டும். புதுத் துணி என்று உறுதிமொழி கொடுத்தது பொய். ஆகவே சரக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.

முதலாளி கடிதத்தை உரக்கப் படித்துவிட்டு நேராக என்னைப் பார்த்தார்.

"மஞ்சள் பூசிக் குளிச்சுட்டு வந்து துணியைத் தொட்டிருக்கீங்க. இந்த ஆபீஸ்ல வேற பொம்பளை கை ஏதும்மா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"மாசக் கடைசியோட நின்னுக்கங்க."

அப்பா படுத்த படுக்கையாக இருந்த காலம். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். நீங்களோ கவலையோடு என் பக்கம் திரும்பி, "கையை அலம்பிண்டுதானேம்மா தொட்டேள்?" என்றீர்கள். அந்த ஒரு கேள்விக்காக மூன்று நாள் உங்களை மனதுக்குள் சபித்தேன். நல்லவர் வேஷம் போடும் மனிதர் என்று நினைத்தேன். இப்போது எழுதவே கூசுகிறது.

நான்காம் நாள், குடுமி கலைந்து, முகம் வெளுத்து வந்தீர்கள். பையைக்கூட வைக்காமல் முதலாளியின் மேஜைமுன் போய் நின்றீர்கள்.

"அது என் கை. அவா கை இல்லே."

முந்தின நாள் உங்கள் பெண்ணுக்குப் பிறந்தநாளாம். புதுப் பாவாடையின் ஓரத்தில் நீங்களே மஞ்சள் வைத்தீர்களாம். வைத்த விரலைப் பார்த்தபோதுதான் உறைத்ததாம். "மஞ்சள் வைக்காத புதுத்துணியைக் கட்டிக்கப்படாது. கடல் தாண்டிப் போறது, எந்த வீட்டுப் பொண்ணு கட்டிக்கப்போறாளோன்னு மூட்டைக்கு ஒண்ணுல வெப்பேன். கறைன்னு கடிதாசுல படிச்சப்போ அது இதுன்னு தோணவே இல்லை" என்றீர்கள். புடவை நீளத்தில் அரை அங்குலக் குறைவுக்குக் காகிதத்தைத் திருத்தச் சொன்ன மனிதர், மூட்டை மூட்டையாகத் தன் கையால் வைத்ததை எழுத வேண்டும் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை.

முதலாளி தணிந்த குரலில் பேசினார். "ஐயா, நீங்க கையெழுத்துப் போடற ஆளு. உங்க பேரு கெட்டா அடுத்த மூட்டை நாகப்பட்டினம் தாண்டாது. அது டைப் அடிக்கிற பொண்ணு, வேற எங்கயாவது கிடைக்கும். இப்படியே விட்டுடுங்க."

"புதுசுன்னு கையெழுத்துப் போட்டது நான். மஞ்சள் வெச்சதும் நான். ரெண்டையும் எழுதிக் கொடுத்துடறேன். டைப் அடிங்கோம்மா."

அடித்தேன். எழுத்துகள் கண்ணில் கலங்கின.

பினாங்கில் சரக்கு வாங்கும் வியாபாரி நம் வழக்கத்தை அதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்லி, மூட்டைகள் ஒருவழியாக வெளியே வந்தன. ஆனால் உங்கள் கையெழுத்து போயிற்று. முதலாளி அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நீங்கள் என் இடத்தில் அமர்ந்து புடவைகளை எண்ணினீர்கள். பழையபடியே முதல் பஸ்ஸில் வந்தீர்கள். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. மஞ்சள் வைப்பதையும் நிறுத்திவிட்டீர்கள். நாலு மாதம் கழித்துப் பினாங்கு வியாபாரி, மஞ்சள் இல்லாத மூட்டையிலிருந்து புடவை வாங்க இங்கே பெண்கள் தயங்குகிறார்கள் என்று எழுதினார். அடுத்த பட்டியலின் கடைசியில் நான் ஒரு வரி சேர்த்தேன்: "மூட்டைக்கு ஒரு புடவையின் ஓரத்தில் மஞ்சள் பொட்டு, வழக்கப்படி இட்டது, துணி புதியது." நீங்கள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கிடங்குக்குப் போனீர்கள், மடியில் மஞ்சள் கிழங்கோடு.

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் உங்கள் மேல் கோடித் துணி போர்த்தியிருந்தார்கள். கிட்டே போனதும் என் கை தானாக அதன் ஓரத்தைத் தேடியது. கோடிக்கு மஞ்சள் வைப்பதில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் தேடியது.

இப்போது சொல்லிவிடுகிறேன், சார். அந்தக் கடிதம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே, கிடங்குக் கதவருகே நின்று நீங்கள் மஞ்சள் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். முதலாளி என்னைக் கேட்டபோது யார் கை என்று எனக்குத் தெரியும். என் வாயால் உங்கள் வேலை போக வேண்டாம், நீங்களே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லாத ஒவ்வொரு நாளும், வேண்டுமென்றே மறைக்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்களையா அப்படி நினைத்தேன் என்ற வெட்கத்தில் இதைக் கடைசிவரை உங்களிடம் சொல்லவில்லை. எத்தனையோ காகிதங்களில் உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டேன். மூட்டைக்குள் இருந்த இந்த ஒன்றை மட்டும் எதிலும் எழுதவில்லை.

எழுதிவிட்டேன். சரிபார்த்துக்கொள்ளுங்கள்.