ரிமோட்டுக்குப் பட்ட திருஷ்டி

28.5.2006, ஞாயிறு

பொத்தானை அழுத்தினால் 'குய்க் குய்க்' என்று வணங்கிக் கதவு நான்கையும் திறக்கும் கார், மரக்காணம் உப்பளக்காரர்களில் அடியேன் சடையப்பனிடம் மட்டுமே உண்டு. இன்று அழுத்தினேன். அசையவில்லை. சாவி போட்டுத் திறந்தேன் — சைரன் அலறிய அலறலில் பக்கத்து அனுமந்தை மீன்படகெல்லாம் கரைக்குத் திரும்பியிருக்கும். இன்ஜினும் கிளம்பவில்லை. ரிமோட் உத்தரவு கொடுத்தால்தான் கிளம்புமாம்.

ஊர்க்கண். வேறென்ன? இத்தனைக்கும் திருஷ்டி படக்கூடாதென்று தினமும் ரிமோட்டை என் சொந்தப் பாத்திக் கல்லுப்போடு துணியில் முடிந்துதான் வைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு தங்கச்சி மகள் கலைமதிக்குப் பிரம்மதேசம் கோயிலில் கல்யாணம். தாய்மாமன் காரில்தான் பெண் போகும் என்று நிச்சயதார்த்தத்தில், மைக்கில், முழங்கியிருக்கிறேன்.

29.5

புது பேட்டரி போட்டேன். கார் மேல் ஏறி நின்று அழுத்தினேன். வீட்டுக்காரி சின்னப்பாப்பா கத்தினாள்: "எறங்குங்க! காக்கா வெரட்டுறீங்கன்னு நெனைக்கப் போறாங்க."

30.5

தங்கச்சி புருஷன் தெய்வசிகாமணி வந்தான். "மச்சான், நான் ஒரு வேன் சொல்லிடறேன். உங்க கார் தொட்டா ஒப்பாரி வெக்குது."

"வேன்ல வாழையிலைய ஏத்து, மாப்ள. பொண்ணு என் கார்ல போவும்!"

பிறகு கலைமதி போன் செய்தாள். "அப்பா சிரிக்கிறாரு மாமா. நான் வேன்ல ஏற மாட்டேன்."

இனி பின்வாங்க முடியுமா? மாட்டேன்.

1.6

வானூரிலிருந்து மெக்கானிக் பாலகுரு வந்தான். "ரிமோட்டே போச்சு சார். புதுசு வர பத்து நாளாவும். அலாரம் ஒயரை அறுத்துடவா?"

"என் கழுத்தை அறு!"

"உப்புல கிப்புல போட்டீங்களா?"

உப்பா? நாலு தலைமுறையாக எங்களுக்குச் சோறு போடும் உப்பா எனக்குத் துரோகம் செய்யும்? ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு அவனை அனுப்பிவிட்டேன்.

2.6

தெய்வசிகாமணி வேன் பேசிவிட்டானாம். பேசட்டும்.

3.6

நான் குளிக்கப் போன நேரம் பார்த்து சின்னப்பாப்பா ரிமோட்டைப் பிரித்துவிட்டாள். பேட்டரி தொடும் தகடெல்லாம் பச்சை.

"களிம்புங்க இது! குத்துவிளக்குல இருந்தா வுட்டு வெப்பேனா?"

துணி முனையில் துளி புளி. தேய்த்தாள், ஈரம் போகத் துடைத்தாள், வெயிலில் காயவைத்தாள். பேட்டரியைப் போட்டு அழுத்தினேன்.

குட்டிச் சிவப்பு விளக்கு. குய்க் குய்க்.

உப்பு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். கசகசவென்று ஈரம். சமையலறையில் வைத்தேன். ரிமோட் ஏன் கெட்டதென்று கேட்டால் இலங்கைப் பக்கத்து ரேடியோ அலை என்பேன்.

4.6, ஞாயிறு

கோயில் வாசலில் அழுத்தினேன். குய்க் குய்க். கலைமதி மகாராணியாக இறங்கினாள். பின்னால் வேனில் தெய்வசிகாமணி, மடியில் வாழையிலைக் கட்டு.

"எத்தினி கண்ணு பட்டுச்சோ!" என்று தங்கச்சி கை நிறையக் கல்லுப்போடு காரைச் சுற்ற வந்தாள்.

ரிமோட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நாலடி பின்னால் பாய்ந்தேன். "பொண்ணுக்குச் சுத்து! மாப்பிள்ளைக்குச் சுத்து! உப்போட எங்கிட்ட வராதே!"

சின்னப்பாப்பா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.