பைனாகுலரில் ஒட்டியிருந்த பொட்டு

பைனாகுலரின் நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பினால் இப்போதும் ஆள்காட்டி விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. வட்டமாய் ஒரு பசைத் தடம். அதைத் துடைக்க என் வீட்டம்மா தேங்காய் எண்ணெயும் பழந்துணியுமாக வந்தாள். "தொட்டே, தெரியும்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் பயந்து ஓடியது. அசோக் நகரில் எனக்குப் பயப்படும் ஒரே ஜீவன் அதுதான் என்று நீ சொல்வாய்.

அந்தப் பசை எப்படி வந்தது என்று உனக்கே தெரியும். ஆனாலும் சொல்வேன். வாயை மூடச் சொல்ல நீதான் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடையாறில் உன் வீட்டு மூன்றாம் மாடி பால்கனி. எதிரே, புயலில் தலை போன தென்னை. அதன் பொந்தில் குடித்தனம் நடத்தும் மரங்கொத்தி ஜோடி. முதுகில் பொன்னை உருக்கி ஊற்றிய ரகம். நீ என்னைக் கூப்பிடுவது பறவை பார்க்க, நான் வருவது உன் மனைவி சுமதி போடும் காபிக்கு. இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறையில்லை.

"எது ஆண், எது பெண், சொல்லு பாப்போம்" என்றாய் ஒருநாள். ஒன்றுக்கு நெற்றியிலிருந்து பின்கொண்டை வரை ஒரே சிவப்பு. மற்றதற்குக் கொண்டையின் பின்பக்கம் மட்டும் சிவப்பு. நெற்றி கறுப்பு, அதில் பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளிகள். நான் யோசிக்கவே இல்லை.

"நெத்தி நிறைய குங்குமம் வச்சுக்கினு இருக்கறது பொண்ணு. நரை தட்டி நிக்கறது புருஷன். என்னையே கண்ணாடில பாக்கற மாதிரி கீது."

நீ சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. "தலைகீழ்டா மடையா! நெத்தி சிவந்திருந்தா ஆம்பளை. அவளுக்கு நெத்தியில சிவப்பே கிடையாது."

சமையலறையிலிருந்து சுமதி குரல் கொடுத்தாள். "ஏன் அண்ணா, நெத்தி வெறுமையா இருந்தா பொம்பளைன்னு ஒத்துக்க மாட்டீங்களா?"

அவள் நெற்றியில் எப்போதும் காலணா அகலத்துக்குப் பொட்டு இருக்கும். நான் டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் என் கையில் பைனாகுலரைக் கொடுத்தால் எனக்குத் தெரிந்தது பனிமூட்டம்தான். கண்டபடி திருகுவேன். பொறுக்க முடியாமல் நீ உள்ளே போய், பீரோ கண்ணாடியில் சுமதி ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து வந்து சக்கரத்தில் ஒட்டினாய். "பொட்டு மேல வந்ததும் நிறுத்து. நம்ம தென்னைமரம் பளிச்சுனு தெரியும். அதுக்கு மேல திருகாத. உன் அறிவுக்கு அவ்ளோதான்."

பங்குனியில் ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாய். சொல்லிக்கொள்ளாமல் போவது உன் வழக்கமே இல்லை.

காரியத்துக்கு முதல் நாள், நங்கநல்லூரிலிருந்து வந்திருந்த உன் அக்கா சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நாளைக்கு எல்லாரும் வருவாங்க. நெத்தியில ஒண்ணும் வேணாம் சுமதி. எனக்கு மட்டும் மனசு வருதா? ஊர் வாய்க்குத்தான் சொல்றேன்."

சுமதி எழுந்து பால்கனிக்குப் போனாள். நானும் பின்னால் போய் நின்றேன். 

பொந்துக்கு வெளியே ஒரு பறவை ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா, அது அவனா, அவளா?"

பைனாகுலரை எடுத்தேன். பொட்டு மேலே வந்ததும் நிறுத்தினேன். கறுப்பு நெற்றி, வெள்ளைப் புள்ளிகள்.

"அவதாம்மா."

"தனியாவா?"

 நல்லவேளை, அதற்குள் பொந்திலிருந்து முழுச் சிவப்பாய் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "இல்லம்மா, அவன் உள்ள இருந்தான். இப்ப ஆள் மாத்திக்கறாங்க." அவன் பறந்தான், அவள் உள்ளே போனாள்.

சுமதி பைனாகுலரை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பொந்தில் புள்ளி போட்ட தலை தெரிந்திருக்க வேண்டும்.

"புருஷன் கூட இருக்கறப்பவே அவ நெத்தியில ஒண்ணும் இல்லியே அண்ணா. அதுக்காக அவன் இல்லைன்னு ஆயிடுமா? எனக்கு மட்டும் பொட்டை அழிச்சாதான் இவர் போனது ஊருக்குத் தெரியுமா?"

காலையிலிருந்து அழுது அழுது முகம் கழுவியதில் அவள் நெற்றி ஏற்கெனவே வெறுமையாகத்தான் இருந்தது. சக்கரத்திலிருந்த பொட்டை நகத்தால் பெயர்த்தாள். நெற்றியில் வைத்து அழுத்தினாள். ஓரமெல்லாம் தூசி, பசை பாதி போயிருந்தது, இடமும் கோணல்.

திரும்பினால் உன் அக்கா நிற்கிறார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு கிட்டே வந்து, அந்தப் பொட்டை விரல் நுனியால் நடுநெற்றிக்கு நகர்த்திவிட்டு, முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

பைனாகுலரை தி.நகர் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள் சுமதி. "எனக்கு வெறுங்கண்ணுக்கே தெரியுது அண்ணா. உங்களுக்குத்தான் வேணும்."

என் பால்கனிக்கு மரங்கொத்தி வருவதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். திருப்பும்போது விரல் பசையில் ஒட்டுகிறது. 'நிறுத்துடா' என்கிறாய். நிறுத்திவிடுகிறேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மசமசவென்று தெரிகிறது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் தெளிந்துவிடும், அது எனக்கே தெரியும்.

ஆனால் உன் தென்னைமரம் இருக்கிற தூரம் இதுதான். நான் திருப்புவதில்லை.