நர்ஸ் வேஷத்தில் நீ பாடிய பாட்டு

குட்டிமா,

நேற்று நீ போன் பண்ணி, "அப்பா, என் எபிசோடு பாத்தீங்களா?" என்று கேட்டபோது, "கரண்ட் போயிடுச்சும்மா" என்றேன். அது பொய். அச்சகத்து டிவியில் எல்லோரோடும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன்.

நர்ஸ் வேஷத்தில் வந்து, வேண்டுமென்றே சுருதி தப்பிப் பாடிக்கொண்டே ஊசி போட்டாயே, அப்போது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புத்தகம் தைக்கிற பைண்டர், "யாருண்ணே இது? தகரத்தைச் சுரண்டுற மாதிரி பாடுது!" என்றார். என் மகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "யாரோ புதுசு போல" என்று சொல்லி நானும் சிரித்தேன். என்னையும் சேர்த்துக் கேலி செய்வார்களோ என்று பயம்.

கடைசிக் காட்சியில், நினைவு தப்பிக் கிடந்த பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பாடினாய். ஒருவரும் அசையவில்லை. பைண்டர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணைப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க" என்றார்.

எந்த முகத்தோடு, பெத்தவன் நான்தான் என்று சொல்வது? டீ டம்ளர்களைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

இன்று காலை பைண்டரிடம் உண்மையைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெத்த பொண்ணையாண்ணே தெரியாதுன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் போய் மெஷினைப் போட்டேன்.

உன்னிடம் வாயால் சொல்லத் தைரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன். திட்டவாவது போன் பண்ணும்மா. நீ அழகாகப் பாடினாய்.

அப்பா